செல்லுக்குள்ள ஒரு லைட்: உலோக அயனிகளைப் பார்க்கக் கத்துக்கிட்ட கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னிக்கு எபிசோடு ஒரு தவளையோட இதயத்துல ஆரம்பிக்குது.

வருஷம் 1882. இடம் லண்டன். யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில சிட்னி ரிங்கர்னு ஒரு டாக்டர். தவளையின் இதயத்தைத் தனியா எடுத்து, உப்புக் கரைசல் ஓடவிட்டு, அது எவ்வளவு நேரம் துடிக்குதுன்னு பார்த்துக்கிட்டிருந்தார். நல்லாவே துடிச்சுது. கட்டுரையும் எழுதிட்டார். அப்புறம்தான் விஷயம் தெரியவந்தது. அந்தக் கரைசலை டிஸ்டில்டு வாட்டர்ல கலக்கல, லண்டன் குழாய்த் தண்ணியில கலந்திருக்காங்க. சரின்னு டிஸ்டில்டு வாட்டர்ல கலந்து திரும்பச் செஞ்சு பார்த்தார். இதயத் துடிப்பு பலவீனமாகி நின்னுடுச்சு.

குழாய்த் தண்ணியில இருந்து டிஸ்டில்டு வாட்டர்ல இல்லாதது என்ன? கால்சியம். நம்ம வீட்டு போர் தண்ணியில பக்கெட் ஓரமா வெள்ளையா படியுதே, அந்தச் சுண்ணாம்புச் சமாச்சாரம்தான். 1883ல் ரிங்கர் தன் முந்தைய கட்டுரையைத் தானே திருத்தி இன்னொண்ணு வெளியிட்டார்: இதயம் சுருங்கணும்னா கால்சியம் வேணும். ஆஸ்பத்திரியில 'ஆர்.எல். பாட்டில் போடுங்க'ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. அந்த ஆர், இந்த ரிங்கர்தான்.

இங்கேருந்து ஒரு கேள்வி கிளம்புது. கால்சியம் வேணும், சரி. ஆனா அது செல்லுக்குள்ள எப்ப வருது, எவ்வளவு வருது, எங்க போகுது? இதுக்குப் பதில் கிடைக்க ஏறக்குறைய 100 வருஷம் ஆச்சு. காரணம் ரொம்ப எளிமையானது. கால்சியம் அயனிக்கு நிறமே கிடையாது. கண்ணுக்கும் தெரியாது, மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாது. அதைப் பார்க்கணும்னா, அதைப் பிடிச்சதும் ஒளிர்ற ஒரு மூலக்கூறு வேணும். அந்த மூலக்கூறுகளைச் செஞ்சவங்களோட கதைதான் இன்னிக்கு.

முதல்ல, ஒளிர்வுன்னா என்ன?

ரூபாய் நோட்டை புற ஊதா விளக்குக்குக் கீழ வச்சா சில இழைகள் பளிச்னு மின்னும். டானிக் வாட்டர் பாட்டிலை வச்சா நீலமா ஒளிரும், அதுல குயினின் இருக்கறதால. ஒரு மூலக்கூறு அதிக ஆற்றல் உள்ள ஒளியை வாங்கி, கொஞ்சத்தைத் தனக்குள்ள செலவு பண்ணிட்டு, மீதியைக் குறைஞ்ச ஆற்றல் உள்ள ஒளியா திருப்பிக் கொடுக்குது. 1852ல் கேம்பிரிட்ஜ்ல ஜார்ஜ் ஸ்டோக்ஸ் குயினினை வச்சுத்தான் இதை விளக்கினார். ஃப்ளூரைட்ங்கிற கனிமத்தோட பேரை வச்சு இதுக்கு ஃப்ளூரசன்ஸ்னு பேர் வச்சவரும் அவர்தான்.

அடுத்த 15 வருஷத்துல இதை ஒருத்தர் வேலைக்கு இழுத்தார். 1867ல் ஃப்ரீட்ரிக் கோப்பல்ஸ்ரோடர் மோரின்ங்கிற மஞ்சள் சாயத்தை எடுத்துக்கிட்டார். மரக்கட்டையிலேருந்து வர்ற சாயம் அது. அது அலுமினியத்தோட சேர்ந்தா பச்சையா ஒளிரும். அதை வச்சு அலுமினியம் இருக்கா இல்லையான்னு சொல்லலாம்னு காட்டினார். உலோக அயனியைக் கண்டுபிடிக்கிற ஒளிர் சென்சார்களோட வரலாறு பொதுவா இவர்கிட்டேருந்துதான் தொடங்குது.

அப்ப 1867லயே வேலை முடிஞ்சிருச்சேன்னு தோணும். இல்ல. சோதனைக் குழாய்ல அலுமினியம் இருக்கான்னு கேக்கறது வேற. உயிரோட இருக்கிற செல்லுக்குள்ள, ஆயிரத்தெட்டு பொருளுக்கு நடுவுல, கால்சியத்தை மட்டும், அந்த செல்லைக் கொல்லாம, நொடிக்கு நொடி பார்க்கறது வேற.

ஜெல்லிமீன் கொடுத்த முதல் வெளிச்சம்

முதல் வழியைக் காட்டினது வேதியியல் இல்ல, கடல். 1961 கோடையில் ஜப்பானைச் சேர்ந்த ஒசாமு ஷிமோமுராவும், அவர் கூட வேலை பார்த்த ஃபிராங்க் ஜான்சனும் அமெரிக்காவோட மேற்குக் கரையில் ஃப்ரைடே ஹார்பர்ங்கிற இடத்துக்குப் போய் ஜெல்லிமீன் பிடிச்சாங்க. அந்த ஜெல்லிமீனோட ஓரம் ஏன் ஒளிருதுன்னு கண்டுபிடிக்கணும். பல வழி முயற்சி செஞ்சும் சரியா வரல. ஒரு நாள் ஷிமோமுரா ஒரு கரைசலை சிங்க்ல கொட்டினார். சிங்க் உள்ளேருந்து பளீர்னு நீல வெளிச்சம். மீன்தொட்டியிலேருந்து வழியற கடல்தண்ணி அந்த சிங்க்லதான் விழும். கடல்தண்ணியில இருக்கிற கால்சியம்தான் அந்த ஒளியைத் தூண்டுதுன்னு அவர் பிடிச்சுட்டார்.

அந்தப் புரதத்துக்கு ஈக்வோரின்னு பேர். சுமார் 10,000 ஜெல்லிமீன்லேருந்து கிடைச்ச சுத்தமான ஈக்வோரின் வெறும் 5 மில்லிகிராம் அளவுதான்.

1967ல் ரிட்ஜ்வே, ஆஷ்லின்னு ரெண்டு பேர் இதை ராட்சத பார்னக்கிளோட தசை நாருக்குள்ள ஊசி போட்டுச் செலுத்தினாங்க. பாறையில ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்த உயிரி. அதோட தசை நார் ஊசி குத்தற அளவுக்குப் பெருசு. தசையைத் தூண்டினாங்க. முதல்ல ஒளி, அப்புறம் சுருக்கம். ரிங்கர் 84 வருஷத்துக்கு முன்னாடி சொன்னதை இப்ப கண்ணால பார்க்க முடிஞ்சது. கால்சியம் உள்ள ஏறுது, தசை சுருங்குது.

ஆனா இதுல ஒரு சிக்கல். நம்ம உடம்புல பெரும்பாலான செல்கள் ரொம்பச் சின்னது. ஒவ்வொண்ணுலயும் ஊசி குத்த முடியாது. ஊசி இல்லாம உள்ள போற ஏதாவது வேணும்.

கல்லூரி லேப்ல இருக்கிற அதே கெமிக்கல்

கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். தண்ணியோட கடினத்தன்மையைக் கண்டுபிடிக்கிற டைட்ரேஷன். ப்யூரெட்ல இ.டி.டி.ஏ., கீழே குடுவையில ஒயின் சிவப்பு, கடைசிச் சொட்டுல நீலம். இ.டி.டி.ஏ. ஒரு நண்டு மாதிரி. நாலு பக்கமும் கொடுக்கால உலோக அயனியைக் கவ்விக்கும். சூரிச்ல ஸ்வார்ட்ஸன்பாக் 1940கள்ல இந்த முறைகளை வளர்த்தெடுத்தார். ஆனா இ.டி.டி.ஏ. யாரைப் பார்த்தாலும் கவ்வும். கால்சியம், மெக்னீசியம் ரெண்டுமே அதுக்கு ஒண்ணுதான்.

செல்லுக்குள்ள இது பெரிய பிரச்சினை. ஓய்வா இருக்கிற செல்லுக்குள்ள கட்டில்லாம சுத்துற கால்சியத்தோட அளவு லிட்டருக்கு சுமார் 100 நானோமோல். மெக்னீசியமோ கிட்டத்தட்ட 1 மில்லிமோல். அதாவது 10,000 மடங்கு அதிகம். ஐ.பி.எல். மேட்ச் நடக்கிற சேப்பாக்கத்துல, கூட்டத்துல இருக்கிற உங்க நாலு ஃப்ரெண்ட்ஸை மட்டும் தேடிப் பிடிக்கிற கதை.

இ.டி.டி.ஏ.வோட தம்பி ஒண்ணு இருக்கு, இ.ஜி.டி.ஏ. அது மெக்னீசியத்தை விட்டுட்டு கால்சியத்தைப் பிடிக்கும். மெக்னீசியம் அயனி சின்னது, அந்தப் பிடிக்குள்ள சரியா உட்காராது. அருமை. ஆனா அதுக்கும் ஒரு குறை. செல்லுக்குள்ள இருக்கிற அமிலத்தன்மையில இ.ஜி.டி.ஏ.வோட நைட்ரஜன்கள் ஹைட்ரஜன் அயனிகளைப் பிடிச்சு வச்சிருக்கும். அமிலத்தன்மை லேசா மாறினாலே அளவு தப்பாயிடும். அது போக, அது ஒளிராது.

ரோஜர் சியன் செஞ்சது

இங்கதான் ரோஜர் சியன் வர்றார். 1952ல் நியூயார்க்ல பிறந்தவர், சீனக் குடியேறிகளோட மகன். சின்ன வயசுல ஆஸ்துமா. வெளிய விளையாடறதை விட வீட்டுக்கு அடித்தளத்துல வேதியியல் சோதனை பண்றதுல நேரம் போச்சு. 16 வயசுல அமெரிக்காவோட பெரிய பள்ளி அறிவியல் போட்டியான வெஸ்டிங்ஹவுஸ்ல முதல் பரிசு. தலைப்பைக் கேளுங்க: தயோசயனேட்டோட உலோகங்கள் எப்படிப் பிணையுதுன்னு. உலோகத்தைப் பிடிக்கிற மூலக்கூறுங்கிற விஷயம் அவரை ஸ்கூல்லேருந்தே விடல.

ஹார்வர்ட் முடிச்சு கேம்பிரிட்ஜ் போனார். சேர்ந்தது உடலியல் துறையில. ஆனா அங்க அவருக்குத் தேவைப்பட்டது வேதியியல். நரம்பு செல்கள் எப்பப்ப வேலை செய்யுதுன்னு வெளியேருந்து பார்க்கணும், அதுக்கு கால்சியம் நல்ல தடயம்.

1980ல் அவர் தனியா எழுதின ஒரு கட்டுரை வந்தது. அதுல இ.ஜி.டி.ஏ.வை எடுத்து ஒரு சின்ன மாற்றம் பண்ணியிருந்தார். நைட்ரஜன் பக்கத்துல பென்சீன் வளையங்களை வச்சார். இது ஒரு கல்லுல மூணு மாங்கா. ஒண்ணு, பென்சீன் நைட்ரஜனோட எலக்ட்ரான்களைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கிறதால, ஹைட்ரஜன் அயனி வந்து ஒட்டறது ரொம்பக் குறைஞ்சு போச்சு. அமிலத்தன்மைத் தொல்லை போச்சு. ரெண்டு, கால்சியத்துக்கான அந்த இடம் அப்படியே இருந்தது, மெக்னீசியம் உள்ள வரல. மூணு, பென்சீன் வளையம் ஒளியை உறிஞ்சும், கால்சியம் வந்ததும் அந்த உறிஞ்சல் மாறும். பிடிக்கிற கையே சிக்னலும் கொடுக்குது. இந்த மூலக்கூறுக்குப் பேர் பாப்டா. இன்னிக்கும் உலகம் முழுக்க ஆய்வகங்கள்ல இது இருக்கு.

அடுத்து, ஊசி இல்லாம உள்ள அனுப்பறது எப்படி? பாப்டாவுக்கு நாலு எதிர்மின் சுமை. செல்லோட சவ்வு கொழுப்பால ஆனது, மின்சுமை உள்ள எதையும் லேசுல விடாது. 1981ல் சியன் ஒரு தந்திரம் சொன்னார். அந்த நாலு சுமையையும் எஸ்டர்ங்கிற மேலங்கி போட்டு மூடிடு. மழைக்கோட்டு போட்ட மாதிரி. மூலக்கூறு சுமை இல்லாததா மாறி சவ்வைத் தாண்டி உள்ள போயிடும். செல்லுக்குள்ள எஸ்டரை வெட்டற என்சைம்கள் ஏற்கெனவே இருக்கு. அதுங்க கோட்டைக் கழட்டிடும். சுமை திரும்ப வந்துடும். இப்ப வெளிய போக முடியாது. உள்ளயே மாட்டிக்கும், சேரும். செல்களைக் கரைசல்ல ஊறப்போட்டா போதும். ஊசி தேவையில்ல.

1982ல் க்வின்-2ங்கிற சாயத்தை வச்சு, போசான், ரிங்க் ஆகியோரோட சேர்ந்து லிம்ஃபோசைட்ங்கிற வெள்ளை அணுக்களுக்குள்ள இருக்கிற கால்சியத்தை அளந்தார்.

அளக்கறதே அளவை மாத்தினா?

க்வின்-2ல ஒரு பெரிய குறை இருந்துச்சு. எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச இடம் இதுதான். க்வின்-2 மங்கலான சாயம். தெரியணும்னா நிறைய போடணும். நிறைய போட்டா என்ன ஆகும்? கால்சியத்தை எல்லாம் சாயமே கவ்விக்கும். செல்லுக்குள்ள ஏறவேண்டிய கால்சிய அலையே சப்பையாயிடும். தெருவுல எவ்வளவு கூட்டம்னு எண்ணப் போன போலீஸே கூட்டத்தைக் கலைச்ச மாதிரி.

அதனால சென்சாரோட தரம், எவ்வளவு பலமா பிடிக்குதுங்கறதுல இல்ல. பிடிக்கணும், ஆனா விட்டுடவும் செய்யணும். ரொம்பப் பலமா பிடிச்சா எப்பவும் நிரம்பியே இருக்கும், ஏற்ற இறக்கம் தெரியாது. ரொம்ப லேசா பிடிச்சா எப்பவும் காலி. நாம பார்க்க விரும்பற அளவுக்குப் பக்கத்துல, பாதி நிரம்பி பாதி காலியா இருக்கிற பிடிதான் சரியான பிடி.

1985ல் க்ரின்கியவிச், போனி, சியன் மூணு பேரும் ஃபியூரா-2 உள்ளிட்ட புதுச் சாயங்களை வெளியிட்டாங்க. க்வின்-2வை விட 30 மடங்கு வரை பிரகாசம். அதனால கொஞ்சம் போட்டாலே போதும். இன்னொரு அழகும் உண்டு. கால்சியம் பிடிச்ச ஃபியூரா-2 340 நானோமீட்டர் ஒளியில நல்லா தூண்டப்படும். காலியா இருக்கிறது 380ல. ரெண்டுலயும் மாத்தி மாத்தி தூண்டி, விகிதத்தைப் பார்த்தா போதும். செல்லோட ஒரு ஓரம் தடிமனா இருந்தாலும், சாயம் கொஞ்சம் வெளுத்துப் போனாலும், ரெண்டு எண்ணும் சேர்ந்தே குறையறதால விகிதம் அவ்வளவா மாறாது.

20ஆம் நூற்றாண்டோட அறிவியல் கட்டுரைகள்ல மிக அதிகமா மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள்ல அதுவும் ஒண்ணு. 2008ல் சியனுக்கு வேதியியல் நோபல் கிடைச்சது. ஆனா இதுக்கு இல்ல. ஷிமோமுரா, சால்ஃபி கூடச் சேர்ந்து பச்சை ஒளிர் புரதத்துக்கு. அந்தப் புரதமும் ஷிமோமுராவோட அதே ஜெல்லிமீன்லேருந்து வந்ததுதான். 1997லயே அந்தப் புரதத்தோட பல நிற வகைகளை வச்சு, செல் தானே தயாரிச்சுக்கிற கால்சிய சென்சாரையும் சியன் குழு உருவாக்கியிருந்தது. இன்னிக்கு வரிக்குதிரை மீன் குஞ்சோட மூளையில் ஆயிரக்கணக்கான நரம்பு செல்கள் மின்னி மின்னி மறையற வீடியோ பார்க்கறோமே, அது இந்த வழியில வந்தது.

கொழும்புலேருந்து பெல்ஃபாஸ்ட்

இன்னொரு கிளைக் கதை நம்ம பக்கத்துலயே தொடங்குது. 1967ல் டூபாண்ட் கம்பெனியில வேலை பார்த்த சார்ல்ஸ் பெடர்சன், கிரவுன் ஈதர்ங்கிற வளைய மூலக்கூறுகளைப் பத்தி எழுதினார். கிரீடம் மாதிரி வடிவம். நடுவுல இருக்கிற ஓட்டையோட அளவுக்கு ஏத்த அயனி அதுல உட்காரும். முதல்ல அது அவருக்குக் கிடைச்சது தேவையில்லாத கசடா, வெறும் 0.4 சதவீதம். தூக்கிப் போடாம என்னன்னு பார்த்தார். பி.எச்டி. இல்லாத அவருக்கு 1987ல் நோபல்.

இந்தக் கிரீடத்துக்கு விளக்கு மாட்டினவங்கள்ல முக்கியமானவர் பிரசன்ன டி சில்வா. கொழும்புப் பல்கலைக்கழகத்துல படிச்சவர். பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம். பிறகு அங்கேயே பேராசிரியர்.

அவரோட யோசனையைப் புரிஞ்சுக்க ஒரு சுவிட்சை நினைங்க. ஒரு பக்கம் ஒளிரும் பகுதி, இன்னொரு பக்கம் அயனியைப் பிடிக்கிற பகுதி, நடுவுல ஒரு சின்னப் பாலம். ஒளிரும் பகுதி ஒளியை வாங்கி, திருப்பிக் கொடுக்கத் தயாராகுது. அந்த நேரம் பார்த்து, பிடிக்கிற பகுதியில இருக்கிற நைட்ரஜன் ஒரு எலக்ட்ரானை இந்தப் பக்கம் தள்ளிவிடுது. ஆற்றல் ஒளியா வராமலே அடங்கிடுது. லைட் ஆஃப். இப்ப ஒரு சோடியம் அயனி வந்து உட்காருது. நைட்ரஜனோட எலக்ட்ரானை அது தன் பிடியில வச்சுக்குது. தள்ளிவிட எதுவும் இல்ல. லைட் ஆன்.

1986ல் கிரவுன் ஈதரோட ஒளிரும் பகுதியைச் சேர்த்து, அயனி வந்ததும் ஒளி 'ஆன்' ஆகிற மூலக்கூறை அவர் வெளியிட்டார். 1993ல் நேச்சர் இதழ்ல இன்னொண்ணு: ஹைட்ரஜன் அயனி, சோடியம் அயனி ரெண்டும் இருந்தா மட்டும் ஒளிரும் மூலக்கூறு. கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆட்கள் இதுக்குள்ள சிரிச்சிருப்பீங்க. ஆமா, 'ஆண்ட் கேட்'. ஒரே ஒரு மூலக்கூறுல.

இது வெறும் வித்தையா நிக்கல. இந்தத் தத்துவத்துல செஞ்ச சென்சார்கள் ஆப்டி ரத்தப் பரிசோதனைக் கருவிகளோட கேசட்டுக்குள்ள போச்சு. ரத்தத்துல சோடியம், பொட்டாசியம், கால்சியம் எவ்வளவுன்னு ஆஸ்பத்திரியிலயும் ஆம்புலன்ஸ்லயும் சட்டுனு பார்க்கலாம். பொட்டாசியம் இயல்பா 3.5லேருந்து 5க்குள்ள இருக்கணும். ரொம்ப ஏறினா இதயமே நின்னுடலாம். அந்த எண் சீக்கிரம் தெரியறதுதான் சில பேருக்கு உயிர்.

பாதரசம் ஏன் இன்னும் கஷ்டம்?

இப்ப விஷ உலோகங்களுக்கு வருவோம். ஜப்பானோட மினமாட்டாவில் 1956ல் அந்த நோய் அதிகாரப்பூர்வமா பதிவாச்சு. சிஸ்ஸோ ஆலையிலேருந்து கடல்ல கலந்த மெத்தில் மெர்குரி மீன் வழியா மனுஷங்க மூளைக்குப் போச்சு. ஆலை அந்த முறையை நிறுத்தினது 1968ல். நம்ம ஊர்ல கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி, பாதரசக் கழிவு வெளிய வந்த பிறகு 2001ல் மூடப்பட்டது. ரெண்டு இடத்துலயும் கண்ணுக்குத் தெரியாத ஒண்ணைத்தான் மக்கள் நிரூபிக்க வேண்டியிருந்துச்சு.

அப்ப பாதரச சென்சார் செஞ்சிடலாமேன்னா, பாதரசம் மாதிரி கனமான உலோகம் பக்கத்துல வந்தாலே பல சாயங்களோட ஒளி அணைஞ்சுடும். ஒளி அணையறதை நம்ப முடியாது. அழுக்குத் தண்ணியாலயும் அணையும், சாயம் கெட்டாலும் அணையும். இருட்டுல விளக்கு எரியறது தெரியும், நூறு விளக்குல ஒண்ணு மங்கினா தெரியாது.

1992ல் அமெரிக்காவில் சே, சார்னிக் ரெண்டு பேரும் வேற வழி பிடிச்சாங்க. பாதரசத்துக்கு கந்தகம்னா ரொம்ப இஷ்டம். அவங்க மூலக்கூறுல ஒரு கந்தக அணு ஒளியை அடக்கி வச்சிருந்தது. பாதரசம் வந்து அந்தக் கந்தகத்தைப் பிடுங்கிட்டுப் போயிடும். விளக்கு எரிய ஆரம்பிக்கும். இந்த வினை திரும்ப நடக்காது, அதனால இது தொடர்ந்து அளக்கிற மீட்டர் இல்ல, ஒரு தடவை எரியற தீக்குச்சி. ஆனா தண்ணியில, 'ஆன்' ஆகிற சிக்னலோட வந்தது.

அதுக்கப்புறம் உலோக சென்சார் பத்தி வந்த கட்டுரைகள் ஆயிரக்கணக்கு. இந்தியப் பல்கலைக்கழகங்கள்லேருந்தும் ஏராளம். ஆனா குடிநீர்ல ஈயமோ பாதரசமோ எவ்வளவுன்னு சட்டப்படி சொல்லணும்னா, இன்னிக்கும் பெரும்பாலும் மாதிரியை எடுத்து லேபுக்கு அனுப்பி, பெரிய கருவியிலதான் பார்க்கறாங்க. பேப்பர்ல ஜெயிச்ச பல சாயங்கள் தண்ணியில கரையவே கரையாது, ஆல்கஹாலோ அசிட்டோநைட்ரைலோ கலக்கணும். சிலது ஒவ்வொரு அயனியா தனித்தனியா சோதிக்கும்போது சரியா வரும், எல்லாம் கலந்த சாக்கடைத் தண்ணியில குழம்பிடும்.

அதனால 'புதிய சென்சார் கண்டுபிடிப்பு'ன்னு அடுத்த தடவை நியூஸ் பார்த்தா, மூணு கேள்வி கேளுங்க. நிஜத் தண்ணியிலயோ ரத்தத்துலயோ வேலை செய்யுதா, இல்ல சுத்தமான கரைசல்ல மட்டுமா? மத்த அயனிகள் பல மடங்கு அதிகமா இருக்கும்போதும் இதை மட்டும் பிடிக்குதா? நாம பார்க்க வேண்டிய அளவுக்கு ஏத்த பிடியா? சியனோட சாயமும் டி சில்வாவோட சுவிட்சும் இந்த மூணுலயும் தேறினதாலதான் லேபை விட்டு வெளிய வந்துச்சு.

உங்க காலேஜ்லயோ வேலையிலயோ யாராவது இந்த மாதிரி சென்சார் பண்ணிட்டிருந்தா, இந்த எபிசோடை அனுப்பி அந்த மூணு கேள்விக்குப் பதில் வாங்குங்க. வந்த பதிலை எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.